தாயார் பத்தடி தள்ளி நிற்கவும்

மதுரையில் இருக்கும் இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று, ஞாயிற்றுக்கிழமைதோறும் கரூர் போகாமல் இருப்பதற்காக டெல்லி வரை வழக்காட வேண்டியிருந்தது. கட்டுக்கதை இல்லை, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்த விவகாரம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒத்துவரவில்லை, பிரிந்துவிட்டார்கள். குழந்தை அம்மாவிடம். பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று அப்பா கேட்டார். எந்த அப்பாவும் கேட்கக்கூடியதுதான். அதற்கு நம்மூர் நீதிமன்றம் கண்ட வழி, பச்சைப்பிள்ளை வாரந்தோறும் கரூருக்குப் புறப்பட்டுப் போய் அப்பாவுக்குத் தரிசனம் தர வேண்டும் என்பது. போக வர 300 கிலோமீட்டர். விடிவதற்குள் எழுப்பி, வழியில் வாந்தி எடுத்தால் துடைத்து, திண்டுக்கல் தாண்டியதும் தூங்கவைத்து, கரூர் வந்ததும் மறுபடி எழுப்பி, அப்பாவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்ல வேண்டும். பஸ் ஏறத் தெரிந்த, டிக்கெட் எடுக்கக் காசுள்ள, வழியில் வாந்தி எடுக்காத வளர்ந்த மனிதர் ஒருவர் மதுரைக்கு வந்தால் என்ன என்று கேட்பதற்கு இந்தியத் திருநாட்டின் உச்ச நீதிமன்றம் தேவைப்பட்டது.

கேட்டது. சந்திப்பை மதுரைக்கே மாற்றியது. ஞாயிறு காலை 10 மணி முதல் 2 மணி வரை, பூங்காவிலோ கோயிலிலோ அப்பா குழந்தையுடன் இருக்கலாம். அம்மாவும் வர வேண்டும். ஆனால் சுமார் பத்தடி தள்ளி நிற்க வேண்டும்.

இதைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. இந்த வகையறாவில் நான் படித்தவற்றுள் இது நல்ல உத்தரவு. வயிற்றைக் கலக்குவதும் அதுதான். நல்ல உத்தரவே இப்படி ஒரு டேப்பும் கையுமாக வருகிறது. இரண்டு வயதுக் குழந்தை நின்ற இடத்தில் நிற்குமா? அது புறாவைத் துரத்தும், செருப்பைக் கழற்றி எறியும், பொங்கல் வாங்கும் வரிசையில் புகுந்து மறுபக்கம் வெளியே வரும். பத்தடியும் கூடவே ஓட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கோயில் கூட்டத்தில் யார் அளப்பது? நீதிமன்ற அமீனாவை அனுப்பிச் சங்கிலி போட்டு அளக்கச் சொல்லலாம். இல்லையென்றால் ஒன்பதரை அடியில் நின்றார் என்று ஒரு தரப்பு அவமதிப்பு மனு போடும். உத்தரவில் ‘சுமார்’ என்று இருக்கிறதே என்று மறுதரப்பு கவுண்டர் போடும். ‘சுமார்’ என்பதற்கு எத்தனை அங்குலம் என்று இரண்டு வாய்தா ஓடும். அதற்குள் குழந்தைக்கு மூன்று வயதாகி, ஓட்டம் இன்னும் வேகமாகியிருக்கும்.

சிரித்தாயிற்றா? இப்போது ஒரு கேள்வி. அந்தப் பத்தடித் தூரத்தில் நிற்கும் வேலைக்கு ஏன் அம்மாவைப் போட்டார்கள்? பிரிந்து போன கணவனைக் கண்காணிக்கப் பிரிந்து போன மனைவி. கண்காணிக்கும் மனைவியைக் கணவர் கண்காணிப்பார். இரண்டு பேருமே வழக்கில் கட்சிக்காரர்கள். உலகத்தில் வேறு எந்த வழக்கிலாவது வாதியையே கமிஷனராக நியமித்து அறிக்கை தரச் சொல்வார்களா? இங்கே சொல்கிறார்கள். காரணம் எளிது: அனுப்ப வேறு ஆள் கிடையாது. பூங்காவை மாநகராட்சி கட்டிவிட்டது, கோயிலைப் பாண்டியனும் நாயக்கனும் கட்டிவிட்டார்கள். நீதித்துறைக்கு நயாபைசா செலவில்லை.

குழந்தையின் நலனே தலையாயது. இந்த வாக்கியம் இல்லாத கஸ்டடி உத்தரவை நீங்கள் பார்க்க முடியாது. 1973-ல், சென்னையிலிருந்து மேல்முறையீடாகப் போன ஒரு வழக்கில், குழந்தைகள் பெற்றோரின் உடைமைகளோ விளையாட்டுப் பொருட்களோ ஆகமாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவைத்தது. அரை நூற்றாண்டாக இது உத்தரவுகளின் தலையில் பிள்ளையார் சுழி. சுழி போட்டு முடித்ததும் கீழே எழுதுவதெல்லாம் பாகப்பிரிவினைப் பத்திரம். வார நாள் அம்மாவுக்கு. முதல் சனி, மூன்றாம் சனி அப்பாவுக்கு. தீபாவளி ஒற்றைப்படை ஆண்டில் இங்கே, இரட்டைப்படை ஆண்டில் அங்கே. போகி ஒருவருக்கு, மாட்டுப்பொங்கல் மற்றவருக்கு. கோடை விடுமுறை சரிபாதி. சொத்து விவரத்தில் நான்கெல்லை எழுதாததுதான் பாக்கி: வடக்கே அம்மாச்சி வீடு, தெற்கே அப்பத்தா வீடு, கிழக்கே வாதி வக்கீல், மேற்கே பிரதிவாதி வக்கீல், இதன் மத்தியில் யூ.கே.ஜி. படிக்கும் ஆண் பிள்ளை ஒன்று, மாவடை மரவடை, நடைபாதை பாத்தியம் சகிதம்.

கோடை விடுமுறை என்றதும் ஞாபகம் வருகிறது. பள்ளிக்கூடம் மூடுவது மே மாதம். உயர் நீதிமன்றம் மூடுவதும் மே மாதம். பிள்ளையை லீவுக்கு அனுப்ப மறுக்கிறார்கள் என்று ஏப்ரலில் இடைக்கால மனு போட்டால், கவுண்டருக்கு நேரம் கேட்பார்கள், நீதிபதி மாறுவார், விடுமுறைக் கால அமர்வில் ‘அவசரம் என்ன’ என்பார்கள். ஜூனில் பள்ளி திறந்த பிறகு மனு விசாரணைக்கு வரும். கேட்ட மாதம் போய்விட்டதால் இனி பயனில்லை என்று முடித்துவைப்பார்கள்.

சட்டத்தின் வயதையும் சொல்லிவிட வேண்டும். காப்பாளர்களை நியமிக்கும் சட்டம் 1890-ல் வெள்ளைக்காரன் எழுதியது. அதற்கு மேல் 1956-ல் நாமே எழுதிக்கொண்ட இந்து மைனர் காப்பாளர் சட்டம், பிள்ளைக்கு இயற்கைக் காப்பாளர் அப்பா, அவருக்குப் பிறகே அம்மா என்கிறது. பத்து மாதம் சுமந்ததை இயற்கை கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை போலும். எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப் போய், அப்பா கையெழுத்து இல்லாமல் ஆகாது என்று திருப்பி அனுப்பப்பட்டு, உச்ச நீதிமன்றம் வரை போனார். அப்பா உயிரோடு இருக்கும்போதே அம்மாவும் காப்பாளர் ஆகலாம் என்று 1999-ல் சொன்னார்கள். சட்டப் புத்தகத்தில் ‘அப்பா, அவருக்குப் பிறகே அம்மா’ என்ற வரி மட்டும் அப்படியே நிற்கிறது. 2015-ல் சட்ட ஆணையம் தன் 257-வது அறிக்கையில் அதைத் திருத்துங்கள், இரு பெற்றோரும் சேர்ந்து வளர்க்கும் ஏற்பாட்டைச் சட்டத்தில் கொண்டுவாருங்கள் என்றது. அறிக்கை நல்ல நிலையில் இருக்கிறது. யாரும் தொடாததால் கசங்கவில்லை.

அதே 1956 சட்டம் ஐந்து வயது வரை பிள்ளை சாதாரணமாக அம்மாவிடம் இருக்கட்டும் என்றும் சொல்கிறது. ஆகவே ஐந்தாவது பிறந்தநாள் நம் நாட்டில் ஒரு சட்ட முகூர்த்தம். ஒரு வீட்டில் கேக் வெட்டுகிறார்கள், இன்னொரு வீட்டில் மனு டைப் அடிக்கிறார்கள்.

சரி, மேற்பார்வையில் சந்திப்பு என்று உத்தரவானால் என்ன நடக்கிறது? ஒரு சனிக்கிழமை ஏதாவதொரு குடும்பநல நீதிமன்றத்தின் குழந்தைகள் அறைப் பக்கம் போய் நில்லுங்கள். சுவரில் மிக்கி மவுஸ். காது வரை பெயின்ட் உரிந்திருக்கிறது. மூலையில் ஒரு சறுக்குமரம், ஏணியில் இரண்டாவது படி கிடையாது. பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு அப்பா, மடியில் ரிமோட் கார், பெட்டி பிரிக்காமல். வாசலில் ஒரு தாய்மாமன், கையில் செல்போன், கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த வாய்தாவுக்குச் சான்றாவணம். “போ கண்ணு, அப்பாகிட்ட போ” என்று அம்மாச்சி வாய் சொல்கிறது, பிள்ளையின் தோளைப் பிடித்த கை விடவில்லை. “ஒரு முத்தம் குடுடா, அப்பாவுக்கு” என்று நாற்காலியிலிருந்து குரல். பிள்ளை அம்மாச்சி முகத்தைப் பார்க்கிறது. முத்தம் கொடுத்தால் இவர்களுக்குக் கோபம், கொடுக்காவிட்டால் அவர்களுக்குக் கோபம் என்பது ஆறு வயதில் அதற்குத் தெரிந்திருக்கிறது. மேற்பார்வை என்பது ஒரு நோட்டு. வந்த நேரம், போன நேரம், இரண்டு கையெழுத்து. இடையில் என்ன நடந்தது என்பதற்கு நோட்டில் கட்டம் இல்லை. மேற்பார்வை செய்ய வேண்டியவர் வேறு மூன்று வேலைகளுக்கு நடுவே தலையை நீட்டிப் பார்க்கும் அலுவலக உதவியாளர். அவரைத் திட்டாதீர்கள். குழந்தை மனநலம் பற்றி அவருக்குக் கொடுத்த பயிற்சி, பேட்டரி போடும் பக்கம் எது என்று கண்டுபிடிப்பதுதான்.

பிள்ளைகளை நீதிமன்ற வளாகத்துக்கு வரவழைப்பதே அவர்களுக்கு நல்லதல்ல என்று உச்ச நீதிமன்றமே வேறு ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. கேரளத்திலும் சொன்னார்கள். சொன்னதும் என்ன செய்வது? மால்களுக்கு மாற்றினார்கள். ஏசி உண்டு, பாப்கார்ன் உண்டு, வாசலில் பையைச் சோதிக்கும் காவலாளிகூட உண்டு. அரசு தர முடியாத மூன்றும்.

எனக்கு ரத்தம் கொதிக்கும் இடம் இனிமேல்தான் வருகிறது. இவரிடம் பிள்ளையைத் தனியாக விட முடியாது, அடிப்பார், குடிப்பார், அதற்கு மேலும் செய்வார் என்று ஒருவர் சொல்கிறார். எல்லாம் பொய், என்னைப் பழிவாங்கப் பிள்ளையை ஆயுதமாக்குகிறார்கள் என்கிறார் மற்றவர். இரண்டில் ஒன்று உண்மை. குற்றச்சாட்டு நிஜமென்றால் சந்திப்பு நேரமே அந்தப் பிள்ளைக்கு ஆபத்து. பொய்யென்றால், குற்றமே செய்யாத ஒருவரைக் கைதியைப் போல் நாற்காலியில் உட்காரவைத்துப் பெற்ற பிள்ளையைக் காட்டுவது அக்கிரமம். எது நிஜம் என்று விசாரித்தறிய ஆள் வேண்டும், நேரம் வேண்டும், மனநல நிபுணர் வேண்டும், வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அதெல்லாம் எதற்கு? இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் விடை வருகிறது: மாதம் இரண்டு முறை, தலா இரண்டு மணி நேரம், மேற்பார்வையில். ‘இரு தரப்பு வாதங்களையும் கருத்தில் கொண்டு’. உண்மைக்கும் பொய்க்கும் சராசரி எடுக்கும் இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள்? அடிவாங்கிய பிள்ளையை அடித்தவர் முன்னால் உட்காரவைத்த பாவமும், அடிக்காதவரைச் சந்தேகக் கைதியாக்கிய பாவமும் ஒரே உத்தரவில் சேர்கின்றன. இரண்டு பாவத்தையும் ‘இடைக்கால ஏற்பாடு’ என்று ரப்பர் ஸ்டாம்பு குத்தி அனுப்பிவிடுகிறார்கள்.

இடைக்காலம் என்றால் எத்தனை காலம்? ஏழாவது வயதில் போட்ட இடைக்கால உத்தரவு, பிள்ளைக்கு மீசை முளைக்கும்வரை நீடிக்கலாம். பதினெட்டு முடிந்ததும் மைனரே இல்லை, வழக்கும் இல்லை. வாய்தாதான் தீர்ப்பு எழுதுகிறது. உத்தரவு கையில் இருக்கும், குழந்தை இருக்காது. அப்பா கேட்டுக்கு வெளியே நிற்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்பார்கள். அடுத்த சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ். அதற்கடுத்து ஊரில் திருவிழா. நிறைவேற்று மனு போட்டு, அவமதிப்பு மனு போட்டு, அது எண் பெற்றுப் பட்டியலில் வரும்போது எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, “கனம் நீதிபதி அவர்களே, குழந்தைக்கு இவரை அடையாளமே தெரியவில்லை” என்பார். நீதிபதியும் அதைக் குறித்துக்கொள்வார். தெரியாமல் செய்தது யார் என்று குறிக்கக் கட்டம் இல்லை. இதற்கு நேரெதிரும் உண்டு. சந்திப்புக்கு அழைத்துப் போன பிள்ளையைத் திருப்பி அனுப்பாமல் வேறு ஊர் பள்ளியில் சேர்த்துவிட்டு, ‘இப்போது இங்கேதான் பழகிவிட்டது’ என்று வாதாடுகிற அப்பாக்கள். அம்மா ஆட்கொணர்வு மனுவோடு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு ஓட வேண்டும். பிள்ளையை எவர் முதலில் தூக்கினாரோ அவருக்கே காலம் துணை. ஆடு திருடியவனிடமே ஆடு பழகிவிட்டது என்று எந்த நாட்டாமையும் தீர்ப்புச் சொன்னதில்லை.

நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் 2022-ஆம் ஆண்டு உத்தரவு ஒன்று நினைவிருக்கிறதா? பிரிந்த கணவர் பிள்ளையைப் பார்க்க மனைவி வீட்டுக்கு வந்தால் அவரை விருந்தாளியாகப் பாவித்து, சிற்றுண்டி, இரவுச் சாப்பாடு கொடுத்து உபசரிக்க வேண்டும் என்று தனி நீதிபதி சொன்னார். வந்தாரைத் தெய்வமாகக் கருதும் பண்பாடு காரணம். சொஜ்ஜி பஜ்ஜியில் பெண் பார்த்துத் தொடங்கிய உறவு, பிரிந்த பிறகும் சொஜ்ஜி பஜ்ஜியிலேயே தொடர வேண்டும். இந்த முறை நீதிமன்ற உத்தரவுப்படி. சட்னி காரமாக இருந்தால் அவமதிப்பா? மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை ரத்து செய்தது. இந்த உபசாரமெல்லாம் வழக்குக்குத் தேவையில்லாத சமாச்சாரம் என்றது. அந்த அமர்வுக்கு ஒரு கும்பிடு. ஆனால் தனி நீதிபதியின் மனசு கெட்டதில்லை. பிள்ளை முன்னால் பெற்றோர் மரியாதையாக நடந்துகொள்ளட்டும் என்று நினைத்தார். அதைச் செய்துகாட்ட அவர் கையில் இருந்த ஒரே கருவி, அந்த அம்மாவின் அடுப்பு.

பிள்ளையையே கேட்டால் என்ன? கேட்கிறார்கள். அறைக்குள் அழைத்து, சாக்லேட் கொடுத்து, உனக்கு அம்மா பிடிக்குமா அப்பா பிடிக்குமா என்று. கல்யாண வீட்டில் வேலையில்லாத மாமாக்கள் கன்னத்தைக் கிள்ளிக் கேட்கும் அதே கேள்விக்கு 1890 சட்டத்தில் தனி உட்பிரிவே இருக்கிறது. பத்து நிமிடத்தில் மைனரின் அறிவார்ந்த விருப்பம் பதிவாகிவிடும். முந்தின இரவு முழுக்க வீட்டில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்பது பதிவாகாது.

கேரளத்துச் சிறுவன் ஒருவன் கதை இது. கைக்குழந்தையாக இருந்தபோதே பெற்றோர் பிரிந்தார்கள்; அம்மாவிடம் வளர்ந்தான். அம்மா மறுமணம் செய்து மலேசியா போகும் பேச்சு வந்ததும் வழக்கு. குடும்பநல நீதிமன்றம் அம்மாவிடம் என்றது. 2023-ல் உயர் நீதிமன்றம் அப்பாவிடம் என்றது. 2024-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. 2025 ஜூலையில் அதே உச்ச நீதிமன்றம் தன் உத்தரவைத் தானே திரும்பப் பெற்று, மறுபடி அம்மாவிடம் என்றது. ஒவ்வொரு முறையும் குழந்தையின் நலன் கருதியே. இடையில் நடந்தது என்னவென்றால், ‘நீ இனி அப்பாவிடம்’ என்ற செய்தியில் பையன் நொறுங்கிப்போனான். அந்தப் பயம் எவ்வளவு ஆழம் என்பதை வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநலத் துறை அறிக்கைகள் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. பிறந்ததிலிருந்து கூட இருந்த அம்மாவைவிட்டு, எப்போதாவது பார்த்த ஒருவருடன் போ என்றால் பையன் பயப்படுவான் என்பதைச் சொல்ல வேலூர் போக வேண்டுமா? தெரு முனையில் இட்லி அவிக்கும் ஆத்தாவைக் கேட்டிருந்தால் ஆவி பறக்கும் முன்பே சொல்லியிருப்பார். ஆனாலும் தன் தவறைத் தானே திருத்திக்கொண்ட நீதிமன்றத்தை நான் மதிக்கிறேன். அறிக்கை வாங்க முடியாத, சீராய்வு மனுவுக்கு வக்கீல் வைக்க முடியாத வீட்டுப் பையன்கள் எத்தனை பேர் என்ற நினைப்புதான் மதிப்பைக் கசப்பாக்குகிறது.

வேறு நாட்டில் என்ன செய்கிறார்கள்? இங்கிலாந்தில் சந்திப்பு மையங்கள் உண்டு. அவற்றுக்கென்று 1991-லிருந்து ஒரு தேசியச் சங்கமே இருக்கிறது. சும்மா இடம் தரும் மையம் வேறு, பயிற்சி பெற்றவர் காதுக்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தரும் மையம் வேறு. எந்த வீட்டுக்கு எது என்று பிரித்துவைத்திருக்கிறார்கள். அங்கே எல்லாம் பாலும் தேனும் என்று சொல்லவில்லை. சந்திப்பு ஏற்பாடுகளின் சூழலில் பத்தாண்டுகளில் 12 குடும்பங்களில் 19 குழந்தைகள் தந்தையரால் கொல்லப்பட்டதை அங்குள்ள பெண்கள் அமைப்பு ஒன்று 2016-ல் பட்டியலிட்டது. அந்நாட்டார் எண்ணவாவது செய்கிறார்கள்.

நம் அரசிடம் மேற்பார்வையாளர்களே இல்லை என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. தாராளமாக இருக்கிறார்கள். 6,500 பேருக்கு மேல். மேற்பார்வையாளர் என்பதே பதவியின் பெயர். டாஸ்மாக்கில். 2025 கணக்குப்படி 4,700-க்கும் மேற்பட்ட கடைகளில், குவார்ட்டருக்குக் குவார்ட்டர் இருப்புக் கணக்கு. குடித்துப் போட்ட காலி பாட்டில் காட்டில் கிடந்து யானைக் காலைக் கிழிக்கக் கூடாது என்று இதே உயர் நீதிமன்றம் அக்கறைப்பட்டது. 2022-ல் நீலகிரியில் தொடங்கி, பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, திருப்பிக் கொடுத்தால் பணம் வாபஸ் என்று ஒரு ஏற்பாடு வந்தது. நல்ல ஏற்பாடு. ஸ்டிக்கர், கவுன்டர், கணக்கு, ஆள், எல்லாம் கிடைத்தது. நீதிமன்றம் நிஜமாகவே ஒன்று வேண்டும் என்று உட்கார்ந்தால் அரசு எழுந்து நிற்கும் என்பதற்கு அந்தக் காலி பாட்டிலே சாட்சி. அந்த பாட்டிலால் உடைந்த வீடுகளின் பிள்ளைகள்தான் குடும்பநல நீதிமன்ற வராந்தாவில் பாதிப்பேர் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். அங்கே ஒரு நாள் நின்றவர் யாரும் மறுக்கவும் மாட்டார்.

38 மாவட்டம். மாவட்டத்துக்கு நான்கு பேர் என்றாலும் 152 பேர். குழந்தையோடு பேசத் தெரிந்தவர்கள், பார்த்ததை எழுதத் தெரிந்தவர்கள், இரு தரப்பிலும் காப்பி வாங்கிக் குடிக்காதவர்கள். கூடவே கழிப்பறை உள்ள ஒரு அறை, படி உடையாத ஒரு சறுக்குமரம். கேட்டுப் பாருங்கள், நிதி இல்லை என்று பதில் வரும். வரட்டும். அப்படியானால் இனி எழுதும் உத்தரவுகளில் தலையாயது குழந்தையின் நலன் என்ற முதல் வரியை அடித்துவிட்டு, உள்ளதை உள்ளபடி டைப் அடிக்கச் சொல்லுங்கள்: அரசின் நிதி நிலைமையைக் கருத்தில் கொண்டு, எதிர்மனுதாரர் மைனரைச் சந்திக்க அனுமதிக்கப்படுகிறார், செலவுத் தொகை இல்லை.